கம்ஸிகிராட்: ஊரும் ஆறும் அரண்மனையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு செர்பியாவில் உள்ள சிற்றூர் கம்ஸிகிராட். ரோமப் பேரரசர் கலேரியஸ் தன் தாயின் பெயரில் எழுப்பிய அரண்மனை இங்கே இருப்பதால் வெளியுலகுக்கு இந்த ஊரைத் தெரியும். வருகிற கேள்விகளில் முக்கால்வாசி அரண்மனையைப் பற்றித்தான். ஆனால் ஆற்றையும் பாறையையும் விட்டுவிட்டு நேரே மதில்களுக்குப் போனால், இவ்வளவு பெரிய கட்டுமானம் ஏன் இந்த மூலையில் வந்தது என்பது கடைசிவரை பிடிபடாது. அதனால் நிலத்திலிருந்தே தொடங்குகிறோம்.

கம்ஸிகிராட் சரியாக எங்கே இருக்கிறது?

ஸயெச்சார் நகரத்துக்கு மேற்கே, பராச்சின் நகருக்குப் போகும் நெடுஞ்சாலையில் சுமார் 11 கி.மீ. தொலைவில். வடக்கு அட்சரேகை 43 பாகை 54 கலை, கிழக்குத் தீர்க்கரேகை 22 பாகை 11 கலை அளவில் இடிபாடுகள் இருக்கின்றன. நிர்வாக அளவில் ஊர் ஸயெச்சாரைச் சேர்ந்தது. பல்கேரிய எல்லை ஸயெச்சாருக்குக் கிழக்கே மிக அருகில் வந்துவிடும். தலைநகர் பெல்கிரேடிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 250 கி.மீ.

வரைபடத்தில் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். கம்ஸிகிராட் என்ற பெயரை மூன்று இடங்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று, மக்கள் வாழும் ஊர். இரண்டு, கரிய திமோக் ஆற்றங்கரையில் உள்ள வெந்நீர் ஊற்றுத் தலம். அதைக் கம்ஸிகிராட்ஸ்கா பான்யா என்பார்கள். மூன்று, ரோமர் கால அரண்மனை. அது ஊருக்குள் இல்லை. ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே தனியாக நிற்கிறது. வெறுமனே ஊர்ப் பெயரைக் கொடுத்து வண்டியை விட்டவர்கள் வீடுகளுக்கு நடுவிலோ குளியல் விடுதி வாசலிலோ போய் நிற்பது வழக்கமாக நடப்பதுதான். அரண்மனையின் ரோமப் பெயரான ‘ஃபெலிக்ஸ் ரோமுலியானா’ என்று தேடினால் இந்தக் குழப்பம் வராது.

பெயருக்கு என்ன பொருள்?

‘கிராட்’ என்றால் கோட்டை, மதில் சூழ்ந்த ஊர். ‘கம்ஸிதி’ என்பது ஊர்தல், நெளிதல் என்ற பொருள் தரும் செர்பிய வினை. பாம்பும் பூச்சியும் ஊரும் கோட்டை என்று உள்ளூரார் விளக்கம் சொல்வார்கள். பல நூற்றாண்டுகள் ஆளில்லாமல் கிடந்த, புதர் மண்டிய இடிபாட்டைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை.

இதில் ஒரு தற்செயல் உண்டு. தன் தாயை ஒரு பெரும் பாம்பு கூடியதால்தான் தான் பிறந்ததாக, மகா அலெக்சாண்டரின் தாய் ஒலிம்பியாஸின் கதையைப் போலவே, கலேரியஸ் பெருமை பேசியதாக 4ஆம் நூற்றாண்டு இறுதியின் லத்தீன் குறிப்பு ஒன்று சொல்கிறது. இதையும் ஊர்ப் பெயரையும் முடிச்சுப் போட்டு எழுதுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே பல நூற்றாண்டு இடைவெளி. மொழியும் வேறு, மக்களும் வேறு. முடிச்சுப் போடாதீர்கள்.

திமோக் என்ற பெயரில் எத்தனை ஆறுகள்?

குழப்பம் நியாயமானதுதான். குச்சாய் மலைத்தொடர் பக்கம் கிரிவி வீர் என்ற ஊரருகே பிறப்பது கரிய திமோக். செர்பிய மொழியில் ‘ட்சர்னி திமோக்’. கம்ஸிகிராட் இதன் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. தெற்கே ஸ்வெர்லிக் திமோக்கும் த்ர்கோவிஷ்தே திமோக்கும் கின்யாஷெவாட்ஸ் நகரில் சேர்ந்து வெள்ளைத் திமோக் ஆகின்றன. கரியதும் வெள்ளையும் ஸயெச்சாரில் கலந்த பிறகுதான் அது வெறும் திமோக். அங்கிருந்து வடக்கே ஓடி, கடைசிப் பகுதியில் செர்பியாவுக்கும் பல்கேரியாவுக்கும் எல்லையாக நின்று, டான்யூபில் விழுகிறது. ரோமர்கள் இந்த ஆற்றை அறிந்த பெயர் திமாகஸ்.

‘போர்’ என்ற பெயருடைய நகரத்துச் செம்புச் சுரங்கக் கழிவு திமோக்கில் கலப்பது பற்றிப் படித்தவர்கள், கம்ஸிகிராடும் அதில் சேர்ந்ததா என்று கேட்கிறார்கள். இல்லை. போர் பகுதியின் நீர் ஸயெச்சாரைத் தாண்டிய பிறகே திமோக்கில் சேர்கிறது. கம்ஸிகிராட் அதற்கு மேலே, வேறொரு கிளையில் இருக்கிறது.

மண்ணும் பாறையும் எப்படிப்பட்டவை?

இந்த நிலத்தின் அடி எரிமலையில் பிறந்தது. டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியான பிற்கிரீத்தேசியத்தில் இங்கே எரிமலைகள் வெடித்தன. அவற்றின் குழம்பு இறுகி ஆண்டெசைட் பாறையாகப் பள்ளத்தாக்கெங்கும் கிடக்கிறது. போர், மைதான்பெக் சுரங்கங்களின் செம்பு, கம்ஸிகிராடின் வெந்நீர் எல்லாமே இந்தத் திமோக் எரிமலைப் பகுதியின் கொடைதான்.

கனிமவியலில் இந்த ஊருக்குத் தனி இடமே உண்டு. ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரைட்ஹாவுப்ட் 1861இல் இங்கிருந்து போன கற்களை ஆராய்ந்து இரண்டு பெயர்களைச் சூட்டினார். ஆற்றின் பெயரால் அந்தப் பாறைக்குத் ‘திமாசைட்’. அதற்குள் பதிந்திருந்த கருமையான ஹார்ன்பிளெண்ட் வகைப் படிகத்துக்கு ஊர்ப் பெயராலேயே ‘கம்ஸிகிராடைட்’. இரண்டும் இன்று தனிப் பெயர்களாக ஏற்கப்படுவதில்லை. பழைய பட்டியல்களில் மட்டும் இருக்கின்றன. ஆனாலும் சாம்பல் நிறக் கல்லில் விரல் நுனியளவு கரும்படிகங்கள் பளபளப்பதை இந்தப் பக்கம் பார்த்தால், அதன் பெயர் ஒரு காலத்தில் இந்த ஊரின் பெயராகவே இருந்தது என்று நினைத்துக்கொள்ளலாம்.

வெந்நீர் ஊற்று எவ்வளவு சூடு?

ஊற்றுகளில் சூடு மிகுந்த நீர் 42 பாகை செல்சியஸ் வரை வருகிறது. குளிக்க இதமான சூட்டுக்குச் சற்று மேலே. குளியல் தலம் ஆற்றின் ஓரத்திலேயே அமைந்திருக்கிறது. அரண்மனைக்குள் ரோமர் கட்டிய குளியல் மண்டபமும் உண்டு. ஆனால் இரண்டும் வெவ்வேறு. அரண்மனைக் குளியல் மண்டபம் ரோம முறைப்படி, அடுப்பு மூட்டித் தளத்துக்கு அடியில் வெப்பக் காற்றைச் செலுத்திச் சூடாக்கப்பட்டது. தூண்களின் மேல் தளத்தை உயர்த்தி அமைத்திருப்பதை நேரில் பார்த்தால் அது விளங்கும்.

ரோமர்களுக்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள்?

வெந்நீர்த் தலத்துக்கு மேலே உள்ள ‘பான்ஸ்கா ஸ்தேனா’ என்ற பாறை மேட்டில் வரலாற்றுக்கு முற்பட்ட குடியிருப்பின் தடயங்கள் கிடைத்துள்ளன. மேலே காவலுக்கு ஏற்ற பாறை, கீழே ஆறும் வெந்நீரும்: இடம் தேர்ந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

சுற்று வட்டாரத்தையும் சேர்த்துப் பார்த்தால் படம் இன்னும் பெரிது. வடக்கே மைதான்பெக் அருகில் உள்ள ருத்னா கிளாவாவில் கி.மு. 5ஆம் ஆயிரத்தாண்டிலேயே செம்புத் தாது வெட்டியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய செம்புச் சுரங்கங்களில் அது ஒன்று. போர் அருகே வெண்கலக் காலத்து மக்கள் இறந்தோரை எரித்து, சாம்பலைத் தாழியில் இட்டுப் புதைத்த இடுகாடுகளும் உண்டு. எனவே, ரோமர்கள் வந்து காட்டைத் திருத்தினார்கள் என்று எழுதுவது தவறு. அவர்கள் வந்தபோது இது மலை உச்சி முதல் ஆற்றங்கரை வரை மனிதர் புழங்கிய நிலம்.

கலேரியஸ் யார்? இந்த ஓரத்தில் ஏன் கட்டினார்?

ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் பேரரசை நான்கு பேருக்குப் பகிர்ந்த காலம் அது. இரண்டு மூத்த அரசர்கள், அவர்கள் அகஸ்டஸ். இரண்டு இளைய அரசர்கள், அவர்கள் சீசர். 293இல் சீசராக உயர்த்தப்பட்டவர் கலேரியஸ். 298இல் அர்மீனியப் பக்கம் பாரசீக மன்னர் நார்சேயைத் தோற்கடித்து, மன்னரின் குடும்பத்தையும் கருவூலத்தையும் கைப்பற்றினார். 305இல் அகஸ்டஸ் ஆனார், 311இல் இறந்தார்.

இடம் ஏன் இது என்பதற்கு விடை படையிலோ வணிகத்திலோ இல்லை, தாயிடம் இருக்கிறது. அவர் பெயர் ரோமுலா. டான்யூபுக்கு வடக்கே வாழ்ந்தவர். கார்பி இனத்தவரின் தாக்குதலுக்கு அஞ்சி ஆற்றைக் கடந்து தென்கரைக்கு வந்தார். ரோமர்கள் 270களில் வடகரை டேசியாவைக் கைவிட்டு, அதே பெயரைத் தென்கரை மாகாணத்துக்குச் சூட்டினார்கள். டான்யூபை ஒட்டிய பகுதி ‘கரையோர டேசியா’ ஆயிற்று. ரோமுலா குடியேறியதும், மகன் வளர்ந்ததும் இந்தப் பகுதியில்தான். கலேரியஸுக்கு ‘ஆர்மென்டாரியஸ்’, அதாவது மாடு மேய்ப்பவர், என்ற பட்டப் பெயரும் இருந்தது. திமோக் பள்ளத்தாக்கின் மேய்ச்சல் சரிவுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் வெறும் வசையாகத் தோன்றாது.

ரோமுலா மலைத் தெய்வங்களை வழிபட்டவர், நாள்தோறும் பலியிட்டு ஊருக்கு விருந்து வைத்தவர் என்று அக்கால எழுத்தாளர் லாக்டான்டியஸ் எழுதுகிறார். இவர் கிறிஸ்தவர், கலேரியஸோ கிறிஸ்தவர்களை வதைத்தவர். ஆகவே இவர் தரும் சித்திரத்தில் வெறுப்பு கலந்திருக்கிறது. அதைக் கழித்துவிட்டே படிக்க வேண்டும். கழித்தபின்பும் மலையும் வழிபாடும் மிஞ்சும். அரண்மனைக்குக் கிழக்கே உள்ள குன்று அதற்குச் சாட்சி, கீழே வருகிறது.

அது கோட்டையா, அரண்மனையா?

வெளியே கோட்டை, உள்ளே அரண்மனை. ஆனால் படை தங்கிய பாசறை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பார்த்தவர்கள் மதிலின் கனத்தைக் கண்டு பாசறை என்றே எழுதினார்கள். உள்ளே தோண்டியபோது வந்தவை வேறு: வடமேற்குப் பகுதியில் மொசைக் தளங்களுடன் அரண்மனை மண்டபங்கள், தெற்கே பெரிய கோயில், இன்னொரு சிறு கோயில், குளியல் மண்டபம், தானியக் கிடங்கு. மொசைக் தளங்களில் டயோனைசஸ் தெய்வம், சிக்கலான வழி கொண்ட லாபிரிந்த், வேட்டைக்காரர்கள்.

மதில்கள் இரண்டு. முதலில் எழுந்ததில் 16 கொத்தளங்கள். அது நின்றுகொண்டிருக்கும்போதே அதைச் சுற்றி வெளியே இன்னும் பெரிதாக ஒன்றைக் கட்டினார்கள். அதில் 20 கொத்தளங்கள். பழையதை இடிக்காமல் விட்டதால் நேரில் போகிறவர்கள் திணறுகிறார்கள். ஒரே சுவரின் வளைவு நெளிவு என்று நினைத்து, எது உள்ளே எது வெளியே என்று தெரியாமல் சுற்றி வருவார்கள்.

இப்படிப் பாருங்கள். மேற்கு வாயிலில் நில்லுங்கள். வெளியே பிதுங்கி நிற்கும் பிரம்மாண்டமான பல கோணக் கொத்தளங்கள் இரண்டாம் மதிலைச் சேர்ந்தவை. வாயிலைக் கடந்து சில அடி போனதும் அதற்கு இணையாக ஓடும் அடக்கமான சுவர் முதல் மதில். அதன் கொத்தளங்கள் சிறியவை. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் நடந்தால் வித்தியாசம் உடனே கண்ணில் படும். சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: கற்களை அடுக்கி நடுவே செங்கல் வரிகளை ஓடவிட்டு, தாராளமான சுண்ணாம்புச் சாந்தால் கட்டியிருக்கிறார்கள். இந்தச் செங்கல் வரிகள் அழகுக்கு மட்டும் அல்ல. ஒழுங்கற்ற கற்களை ஏற்றும்போது சுவர் ஒரு பக்கம் சாயும். குறித்த உயரத்துக்கு ஒருமுறை தட்டையான செங்கலை ஓட்டினால் மட்டம் திரும்பக் கிடைக்கும். சில செங்கற்களில் ஐந்தாம் மாசிடோனிகா படையணியின் முத்திரை உண்டு. போர் இல்லாத நாட்களில் படைவீரர்கள் சூளை வேலை பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாம் மதில் எப்போது? ஒரு சுவர்த்தூண் விடை தருகிறது. அதில் மேலிருந்து கீழாக மூன்று வட்டப் பதக்கங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு அரசர்கள். மொத்தம் ஆறு பேர். ஆட்சியில் இருந்ததோ நால்வர். மிச்சம் இருவர் ஓய்வு பெற்ற அரசர்கள் என்றால் கணக்கு சரியாகும். டயோக்ளீஷியனும் மாக்சிமியனும் பதவி துறந்தது 305 மே மாதம். எனவே தூண் அதற்குப் பிந்தியது. கலேரியஸும் இருபது ஆண்டு ஆட்சியை முடித்துக்கொண்டு இங்கே ஓய்வுக்கு வர எண்ணியிருந்தார் என்பதே அகழாய்வாளர்களின் கருத்து. டயோக்ளீஷியன் அட்ரியாட்டிக் கரையில், இன்றைய ஸ்பிளிட்டில், கட்டிக்கொண்ட அரண்மனைதான் இதற்கு நெருங்கிய உறவு.

இதுதான் ரோமுலியானா என்று எப்படி உறுதியானது?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் போகிறவர்கள்தான் அதிகம். எங்களுக்கு இந்த இடத்தின் வரலாற்றிலேயே மிகப் பிடித்த பகுதி இது.

மேலே சொன்ன பெயர் தெரியாத லத்தீன் ஆசிரியர், கலேரியஸ் கரையோர டேசியாவில் பிறந்தார், அங்கேயே புதைக்கப்பட்டார், தாய் ரோமுலாவின் பெயரால் அந்த இடத்துக்கு ரோமுலியானம் என்று பெயரிட்டார் என்று ஒரே வரியில் எழுதியிருந்தார். 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் பழுது பார்த்த கோட்டைகளின் பட்டியலில் வரலாற்றாசிரியர் புரோகோபியஸும் இந்தப் பெயரைச் சேர்த்திருந்தார். பெயர் ஏட்டில் இருந்தது, இடம் நிலத்தில் இருந்தது. இரண்டையும் இணைக்கும் கண்ணி மட்டும் இல்லை. கரையோர டேசியாவில் இடிந்த கோட்டைகள் ஒன்றா இரண்டா?

தொல்லியலாளர் திராகோஸ்லாவ் ஸ்ரேயோவிச் 1970 முதல் இங்கே அகழாய்வை நடத்தி வந்தார். டான்யூப் கரையில் லெபென்ஸ்கி வீர் என்ற வரலாற்றுக்கு முற்பட்ட குடியிருப்பைக் கண்டுபிடித்தவரும் இவர்தான். இது கலேரியஸின் அரண்மனைதான் என்ற கருத்து மொசைக்குகளையும் சிற்பங்களையும் வைத்து ஏற்கனவே உருவாகியிருந்தது. 1984இல் ஒரு வளைவின் கல் கிடைத்தது. அதில் இலை வளையம், மயில்கள், வளையத்துக்குள் இரண்டே சொற்கள்: ஃபெலிக்ஸ் ரோமுலியானா. ‘பேறு பெற்ற ரோமுலியானா’ என்று சொல்லலாம். ஆண்டோ அரசர் பெயரோ அதில் இல்லை. தேவைப்படவும் இல்லை. ஏடு சொன்ன பெயரை அந்த இடத்துக் கல்லே சொல்லிவிட்டது.

இந்தக் கல்லைத் தேடி இடிபாட்டில் அலையாதீர்கள். அது ஸயெச்சார் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மகுரா குன்றில் என்ன இருக்கிறது?

அரண்மனைக்குக் கிழக்கே சுமார் ஒரு கி.மீ. தள்ளி இருக்கும் மேடு மகுரா. மேலே நான்கு கட்டுமானங்கள்: இரண்டு சமாதி மண்டபங்கள், இரண்டு வட்ட மண்மேடுகள். ஒரு ஜோடி ரோமுலாவுக்கு, மற்றொன்று கலேரியஸுக்கு. 1989 முதல் 1993 வரை நடந்த அகழாய்வில் இவை தெளிவாயின.

ஒருவருக்கு இரண்டு எதற்கு? சமாதி உடலுக்கு. மண்மேடு, அவர் தெய்வமான நிகழ்ச்சிக்கு. இறந்த அரசரைத் தெய்வமாக உயர்த்தும் சடங்கை, 211இல் பேரரசர் செவெரஸ் இறந்தபோது நடந்ததை வைத்து, வரலாற்றாசிரியர் ஹெரோடியன் படிப்படியாக விவரித்திருக்கிறார். உடலை அடக்கம் செய்துவிட்டு, அவர் உருவில் மெழுகுப் பொம்மை செய்து தந்தக் கட்டிலில் கிடத்துவார்கள். ஏழு நாட்கள் மருத்துவர்கள் வந்து பார்த்து, நோய் முற்றுகிறது என்று சொல்லிப் போவார்கள். பிறகு பொம்மையைப் பல அடுக்கு மரச்சிதையில் ஏற்றி, குதிரை வீரர்கள் சுற்றிவரத் தீ வைப்பார்கள். உச்சியிலிருந்து ஒரு கழுகைப் பறக்க விடுவார்கள். அது அரசரின் உயிரை வானுக்கு எடுத்துப் போகிறது என்பது நம்பிக்கை. மகுராவில் சிதை எரிந்த இடத்தின் மேல் மண்ணைக் குவித்து நினைவு மேடாக்கியிருக்கிறார்கள். ரோமுலா மகனுக்கு முன்பே இறந்து தெய்வமாக்கப்பட்டார். மலைத் தெய்வங்களை வணங்கிய தாயை மகன் மலை மேலேயே தெய்வமாக்கினார்.

கலேரியஸ் 311 வசந்தத்தில் கொடிய நோயில் விழுந்தார். ஏப்ரல் 30 அன்று, கிறிஸ்தவர்கள் தங்கள் வழிபாட்டைத் தொடரலாம் என்று அவர் பெயரில் ஆணை வெளியானது. சில நாட்களில் இறந்தார்.

மகுராவுக்குப் போகும் வழியில் ‘டெட்ராபைலான்’ என்ற நான்கு வாயில் மண்டபத்தின் அடித்தளம் இருக்கிறது. சாலைகள் பிரியும் இடம். ஒரு பக்கம் வாழ்ந்தவர்களின் அரண்மனை, மறுபக்கம் தெய்வமானவர்களின் குன்று. இதைக் கவனிக்காமல் நேரே ஏறிவிடுகிறவர்கள் அதிகம். அங்கே ஒரு நிமிடம் நின்று இரு பக்கமும் பாருங்கள்; முழு அமைப்பும் அந்தப் புள்ளியிலிருந்துதான் விளங்கும். யுனெஸ்கோ 2007இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது வலியுறுத்தியதும் இந்த இணைப்பைத்தான்.

ஊதாக் கல்லில் ஒரு தலை கிடைத்ததாமே?

ஆம், 1993இல். போர்ஃபிரி என்ற செவ்வூதா நிறக் கல். எகிப்தின் கிழக்குப் பாலைவன மலையில் மட்டும் ரோமர்கள் வெட்டி எடுத்தது. அரசருக்கென்றே ஒதுக்கப்பட்ட நிறம். பதக்கங்கள் பதித்த முடி அணிந்த கலேரியஸின் தலை அது. முகம் சதுரமாக, கழுத்து கனத்து இருக்கும். அந்தக் கல் உளிக்கு எளிதில் இணங்காதது என்பதைக் கண்ணைச் சுற்றியும் தாடியிலும் உள்ள இறுக்கமான கோடுகளில் காணலாம். இதுவும் ஸயெச்சார் அருங்காட்சியகத்துக்கு உரியது.

கலேரியஸுக்குப் பிறகு என்ன ஆனது?

அரண்மனையின் ஆயுள் சிறியது. மண்டபங்களில் பட்டறைகள் புகுந்தன; பின்னர் கிறிஸ்தவர்களை வதைத்தவரின் மண்டபத்திலேயே தேவாலயம் எழுந்தது. 5ஆம் நூற்றாண்டு நடுவில் ஹூணர்களின் படையெடுப்பில் இடம் சீரழிந்தது. ஜஸ்டினியன் காலத்தில் 6ஆம் நூற்றாண்டில் மறுபடி ஊராகித் தழைத்து, அந்த நூற்றாண்டு முடிவில் ஓய்ந்தது. 9 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை பழைய மதிலுக்குள் ஸ்லாவியர் குடியிருந்தார்கள்.

இடிபாட்டில் சுவர் மேல் சுவராக, திசை மாறி, தரம் குறைந்து தெரிபவை இந்தப் பிற்காலத்தவை. மண்ணைச் சாந்தாக வைத்து, அரண்மனைக் கற்களையே எடுத்துக் கட்டியவை. எல்லாவற்றையும் கலேரியஸ் கணக்கில் எழுதாதீர்கள்.

இப்போதைய செர்பியாவுக்குள் இந்தப் பகுதி எப்போது வந்தது?

ஒட்டோமான் ஆட்சியிலிருந்து 1833இல். மிலோஷ் ஒப்ரேனோவிச்சின் செர்பியச் சிற்றரசோடு சேர்க்கப்பட்ட ஆறு மாவட்டங்களில் ‘ட்சர்னா ரேகா’, அதாவது கரிய ஆறு, என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதியும் ஒன்று. இங்கே செர்பியர்களோடு விளாக் மக்களும் வாழ்கிறார்கள். விளாக் மொழி ருமேனிய மொழிக்கு நெருக்கமானது.

இடிபாடு ஆய்வுலகில் தெரியவந்ததும் இதையொட்டித்தான். புதிதாகக் கிடைத்த நிலத்தில் தாது உண்டா என்று பார்க்க மிலோஷ் சாக்ஸனியிலிருந்து ஹெர்டர் என்ற சுரங்க வல்லுநரை வரவழைத்தார். தத்துவ அறிஞர் ஹெர்டரின் மகன் இவர். 1835இல் தாது தேடி வந்தவர் மதில்களைக் கண்டு எழுதிவைத்தார். 1860களில் பயண எழுத்தாளர் ஃபெலிக்ஸ் கானிட்ஸ் வரைந்தும் எழுதியும் பரவச் செய்தார். ஆனால் முறையான அகழாய்வு 1953இல்தான் தொடங்கியது. ஜோர்ஜே மானோ-சிசி நடத்தினார். 2004 முதல் ஜெர்மானியத் தொல்லியல் நிறுவனத்தோடு சேர்ந்து நிலக்காந்த அளவாய்வு செய்ததில், மதிலுக்கு வெளியேயும் கட்டடங்கள் மண்ணுக்குள் இருப்பது தெரிந்தது. பார்வையாளர்கள் வண்டி நிறுத்தி நடக்கும் வயல்களும் தொல்லியல் நிலம்தான். சிதறிக் கிடக்கும் செங்கல் துண்டையோ மொசைக் சில்லையோ பையில் போடாதீர்கள்.

நேரில் பார்க்க எப்படித் திட்டமிடுவது?

பெல்கிரேடிலிருந்து நிஷ் செல்லும் விரைவுச்சாலையில் வந்து பராச்சினில் கிழக்கே திரும்புங்கள். செஸ்தோப்ரோதிட்சா கணவாய், பிறகு போல்யெவாட்ஸ். தெற்கே கூம்பு போல எழுந்து நிற்கும் மலை ர்தான்ய், 1,565 மீட்டர். இந்த வழியில் வருபவர்களுக்கு ரோமுலியானாவுக்கான திருப்பம் ஸயெச்சாருக்கு முன்பே வந்துவிடும். நகரம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் 11 கி.மீ. திரும்பி வர வேண்டும். பேருந்தில் வருபவர்கள் ஸயெச்சார் வரை வந்து, அங்கிருந்து டாக்சி பிடிப்பதே நல்லது. திரும்பிப் போகவும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். அரண்மனை வாசலில் வண்டி காத்திருக்காது.

மதிலுக்குள் இரண்டு மணி நேரம், மகுராவுக்குப் போய்வர ஒரு மணி நேரம், அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம். எங்கள் யோசனை: அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள். நல்ல மொசைக்குகள், வளைவுக் கல், ஊதாத் தலை எல்லாம் அங்கே இருப்பதால், இடிபாட்டில் வெறும் தளத்தைப் பார்க்கும்போது எது எங்கே இருந்தது என்று மனத்தில் பொருத்திக்கொள்ளலாம். மாற்றிச் செய்தவர்கள், உள்ளே ஒன்றுமே இல்லையே என்று ஏமாந்து திரும்புகிறார்கள்.

மதிலுக்குள் நிழல் மிகக் குறைவு. ஜூலை, ஆகஸ்டில் நண்பகலைத் தவிருங்கள். தொப்பியும் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் வேண்டும். குளிர்காலத்தில் பனி மூடினால் அடித்தளச் சுவர்கள் கண்ணில் படா. மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் தோதானவை. கோடையில் ஸயெச்சாரில் கித்தாரியாதா என்ற ராக் இசைவிழா நடக்கும். 1966இல் தொடங்கியது. அந்த நாட்களில் நகரில் அறை கிடைப்பது கடினம். வெந்நீர்த் தலத்தில் தங்குமிடம் கேட்டுப் பார்க்கலாம்.

ஒருநாள் கூடுதலாக இருந்தால் எங்கே போகலாம்?

கின்யாஷெவாட்ஸ் பக்கம் ராவ்னா ஊரில் ‘திமாகும் மினுஸ்’ என்ற ரோமப் பாசறை இருக்கிறது. கம்ஸிகிராடைப் பாசறை என்று நினைத்தவர்கள் இதைப் பார்த்தால் உண்மையான பாசறைக்கும் அரண்மனைக்கும் உள்ள வேறுபாடு பிடிபடும். நெகோடின் பக்கம் ஷர்கமென் என்ற இடத்தில் இதே காலத்து அரச இல்லமும் சமாதியும் உண்டு. கலேரியஸின் சகோதரி மகனும் பின்னாளில் ரோம அரசருமான மாக்சிமினஸ் தையாவோடு அதை இணைக்கிறார்கள். 1996இல் அங்கே ஒரு பெண்ணின் பொன் நகைகள் சமாதியிலிருந்து கிடைத்தன. வேலை பாதியில் நின்றுபோன மதில்கள் புல்வெளியில் கிடக்கின்றன. வழிகாட்டிப் பலகைகள் குறைவு என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள்.